சேர்த்துப் பார்த்த போல்ட்

அந்த போல்ட்டின் இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தவன் நான்தான். பழியை வேறொருத்தி மேல் போட்டேன். அதனால் மூன்றாவது ஆள் ஒருவனுக்கு வேலை போனது. சொந்த வீட்டிலேயே அவனைக் குற்றவாளியாகப் பார்த்தார்கள். இதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. இப்போது எழுபத்தொரு வயது.

ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கத்தில் ஓர் அரசுத் துறை ஆலையில் முப்பத்தைந்து வருஷம் உலோகங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் ஜீடிமெட்லாவில் ஒரு தனியார் சோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். தொழில்நுட்ப மேலாளர் என்று அறைக் கதவில் பலகை மாட்டினார்கள். அறிக்கைகளில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. அது இல்லாமல் ஒரு காகிதமும் வெளியே போகாது.

சுற்றிலும் மருந்துக் கம்பெனிகள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ரசாயன நெடி தொண்டையைப் பிடிக்கும். அந்தக் கம்பெனிகளிலிருந்து குழாய், வால்வு, பற்றவைத்த தகடு, உடைந்த தண்டு என்று ஏதாவது வந்தபடி இருக்கும். இழுத்துப் பார்ப்போம். வைர முனையை அழுத்திக் கடினம் அளப்போம். வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து உள்ளே இருக்கும் துகள் அமைப்பைப் பார்ப்போம்.

கூடத்தின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், நான் பழி போட்ட அந்தப் பெண்ணின் பொறுப்பு. முப்பத்து நாலு வயது. அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். லோத்குண்டாவில் வளர்ந்தவள் என்றாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலித் தமிழ். என்னைவிட அவளுக்கு அந்த மெஷின் நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர்கள் நேராக அவளுக்கே போன் செய்வார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அந்த ஷாஃப்ட் விவகாரம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

ஒருவர் உடைந்த ஷாஃப்டுடன் வந்திருந்தார். உடைந்த இடம் மணல் மணலாக மின்னியது. "அதிர்வுல மெட்டல் கிரிஸ்டலா மாறிடுத்து, அதான் உடைஞ்சிருக்கு" என்றேன். எங்கள் காலத்தில் பட்டறைகளில் எல்லாரும் சொல்லும் பேச்சு அது.

அவள் திரையைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "மெட்டல் எப்பவுமே கிரிஸ்டல்தான் சார். புதுசா மாறதுக்கு ஒண்ணுமில்ல."

வாடிக்கையாளர் சிரித்துவிட்டார். அவள் சொன்னது கல்லூரி முதல் வருஷத்துப் பாடம். எனக்கும் தெரிந்ததுதான். பழக்கதோஷத்தில் என் நாக்கு தவறாகச் சொல்லியிருந்தது. அன்றிலிருந்து அவளை வெறுத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. இருந்ததாக நான் பல வருஷம் என்னை நம்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய லீவுக் கடிதங்களை மேஜையில் கிடப்பில் போட்டேன். அறிக்கைகளை ஒரு கால்புள்ளிக்காகத் திருப்பி அனுப்பினேன். அவள் மெஷினுக்கு வீடியோ கேம் என்று பெயர் வைத்தேன்.

"என்னம்மா, வீடியோ கேம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சிட்டு சார். ஸ்கோர் போட்டுத் தந்திருக்கேன். நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்."

அவளும் சளைத்தவள் இல்லை. நாங்கள் பேசுவதைக் கேட்க மற்றவர்கள் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் போல்ட் வந்தது.

ஒரு மருந்துக் கம்பெனியில் பெரிய கலவைத் தொட்டிக்கு மேலே மோட்டாரையும் கலக்கும் தண்டையும் இணைக்கும் கப்ளிங். அதில் ஒரு போல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. கப்ளிங் ஆடி, மேல்மூடி பிய்த்துக்கொண்டு வந்து, கீழே நின்ற ஆபரேட்டரின் காலில் விழுந்துவிட்டது. கால் இரண்டு இடத்தில் உடைந்தது. போல்ட்டை மாட்டிய ஃபிட்டர் அளவுக்கு மீறி முறுக்கியதுதான் காரணம் என்று கம்பெனி சொன்னது. அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் அறிக்கை வந்தபின் முடிவு.

மற்ற போல்ட்டுகளை அவசரத்தில் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். மிஞ்சியது முறிந்த ஒன்றுதான். கட்டைவிரல் தடிமன், பளபளவென்று துத்தநாகப் பூச்சு, இரண்டு துண்டு.

ஃபிட்டரின் கை முறித்ததா, உலோகமே முறிந்ததா என்பது முறிந்த முகத்தில் எழுதியிருக்கும். அதிகமாக முறுக்கி முறிந்திருந்தால் மைக்ராஸ்கோப்பில் முகம் முழுக்கக் குழி குழியாகத் தெரியும். பூச்சு போடும்போது ஹைட்ரஜன் உள்ளே போய், அதைச் சூட்டடுப்பில் வைத்து வெளியேற்றாமல் விட்டிருந்தால் உலோகத் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, கல்கண்டுக் கட்டியை உடைத்த மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றுபோல இருக்கவே இருக்காது. ஆனால் அந்த முகம் மிக மென்மையானது. விரலால் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கக் கூடாது. சேர்த்தால் எழுத்து அழிந்துவிடும்.

அவள் துண்டுகளைத் தனித்தனிப் பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு போட்டு, இரண்டு பையிலும் சிவப்பு மையில் 'பொருத்திப் பார்க்காதீர்கள்' என்று எழுதியிருந்தாள்.

"இது யாருக்கு? பெருக்க வர அம்மாவுக்கா?" என்றேன்.

"ஆளு பேரு போட்டு எழுதினா உங்களுக்குக் கோவம் வரும் சார்."

அன்று மத்தியானமே அந்த ஃபிட்டர் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டான். வரக் கூடாது, விதி அப்படி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பெற்றோர் வேலூர்ப் பக்கம், பிறந்தது வளர்ந்தது ஹைதராபாத்தில். பேச்சில் அந்த ஊர் இந்தி கலந்து வரும்.

"சார், நீங்க நம்மூர்க்காரர்னு கேட்ல சொன்னாங்க."

"நான் உன் ஊர்க்காரன் இல்ல."

"தமிழ்தானே சார் பேசறீங்க. ஒரே ஒரு பேச்சு. திங்கக்கிழமை காலைல மாட்டினேன். அளவு செட் பண்ணி டார்க் ரெஞ்ச்லதான் டைட் பண்ணேன். டிக்குனு சவுண்டு வந்ததும் கைய எடுத்துட்டேன். புதன்கிழமை மத்தியானம் உடையுது. நான் ஓவரா முறுக்கியிருந்தா அப்பவே என் கைல உடைஞ்சிருக்கும்ல? ரெண்டு நாள் கைக்கு நின்னுச்சு?"

"கேள்வி கேக்கறது எங்க வேலை. நீ வெளில போ."

"ஹவ் சார், சரி, போறேன். கால் உடைஞ்சு படுத்திருக்கறது யாருன்னு தெரியுமா? என் மச்சான். என் பொண்டாட்டி தம்பி. நான்தான் அவனை அந்தக் கம்பெனில சேத்துவிட்டேன். வேலை போனா போவட்டும் சார். வீட்ல எல்லாரும் என் கையையே பாக்கறாங்க. சோறு போடும்போதுகூட என் கையத்தான் பாக்கறா அவ."

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் ஃபிட்டரே போய்விட்டான்.

'கைக்கு' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'ஏன்'. ரெண்டு நாள் ஏன் நின்றது? அந்த விசாரணையிலேயே மிக முக்கியமான வாக்கியம் அதுதான். ஹைட்ரஜன் புகுந்த போல்ட் முறுக்கியவுடன் முறியாது. இழுவிசையில் நின்றுகொண்டே உள்ளுக்குள் மெல்ல விரிந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் முறியும். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். வாசலில் நின்று கேட்டவள், நோட்டில் அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை வேறொரு வேலைக்கு நடுவில் ஒரு துண்டை மெஷினில் வைத்து அவசரமாகப் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டாள். திரையில் ஒரு மூலை தெரிந்தது. துகள் துகளாக, விளிம்பு கூர்மையாக.

"பாத்தீங்களா சார்? கல்கண்டு. அந்த ஆளு சொன்னது நெசம்."

"ஒரு மூலையைப் பாத்துட்டு அறிக்கை எழுத முடியாது. நாளைக்கு முறைப்படி வச்சு முழு முகமும் எடு."

நான் சொன்னது நியாயம்தான். அவள் ஒரே ஒரு படத்தைச் சேமித்தாள். படத்தின் அடிப்பட்டையில் மாதிரி எண் அடிக்கவில்லை. அவசரம். துண்டுகளைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நான் அவள் மேஜைக்குப் போனேன். அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவுதான். அளவுக்கு மீறி இழுபட்டிருந்தால் போல்ட் கொஞ்சமாவது நீண்டிருக்க வேண்டும். நீண்டிருந்தால் ஜெயித்தது நான்.

இழுவிசைச் சோதனையில் உலோகத் துண்டைப் பிடித்து இழுத்து அறுப்போம். அறுந்தபின் இரண்டு பாதியையும் எடுத்து, முனையோடு முனை சேர்த்து அழுத்தி, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்போம். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் துண்டுகளை அப்படிச் சேர்த்திருப்பேனோ. கையில் இரண்டு பாதி வந்தால் சேர்ப்பதுதான் என் கைக்குத் தெரியும். பையைப் பிரித்தேன். சேர்த்தேன். சரியாக உட்காரவில்லை என்று லேசாகத் திருகி அழுத்தினேன்.

கர் என்று ஒரு சத்தம்.

பிரித்துப் பார்த்தபோது முகத்தில் அங்கங்கே வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. என் கட்டைவிரலில் சாம்பல் நிறத்தில் உலோகத் தூள். சிவப்பு எழுத்து பையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் நான் வந்த வேலையை விடவில்லை. சேர்த்து வைத்து அளந்தேன். போல்ட் ஒரு இம்மிகூட நீளவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்பதை அளந்து தெரிந்துகொண்டபின் துண்டுகளைப் பையில் போட்டு மூடினேன்.

மறுநாள் அவள் மெஷினைவிட்டு எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னார்கள்.

"யாரோ ரெண்டையும் சேத்துத் திருகியிருக்காங்க" என்றாள். "முகம் பூராவும் நசுங்கிக் கெடக்கு."

"நேத்து மெஷின்ல வச்சு எடுத்தது யாரு? நான் அந்தப் பையைத் தொடவே இல்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் போடும்போது முறிஞ்ச பக்கம் மேல இருக்கும் சார். இப்ப கீழ கெடக்கு."

"பை சாஞ்சிருக்கும்."

"நேத்து எடுத்த படம் இருக்கு. அதுல நல்லாத் தெரியுது."

"அதுல மாதிரி எண் இல்ல. எந்த போல்ட்டுன்னு யாருக்குத் தெரியும்? என் கையெழுத்துல அது போகாது."

நேற்று அவள் பக்கத்தில் நின்று அதே படத்தைப் பார்த்தவன் நான்.

முதலாளிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "வேற வழி உண்டா, இல்லையா?" என்றார்.

"இருக்கு சார்" என்றாள். "போல்ட்ட நெடுக்கா வெட்டி, மெருகு போட்டுப் பாக்கணும். முறிஞ்ச இடம் மட்டும்தான் விரிஞ்சிருக்கும்னு இல்ல. பக்கத்து மரையோட அடியிலயும் விரிசல் ஓடியிருக்கும். அது உள்ள இருக்கு, யாரு கையும் பட்டிருக்காது."

"அது வாடிக்கையாளர் பொருள். அனுமதி இல்லாம வெட்ட முடியாது. நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

நான் கேட்கவில்லை. ஒரு போன் செய்தால் போதும், செய்யவில்லை. வெட்டினால் விரிசல் தெரியும். விரிசல் தெரிந்தால் அவள் ஜெயிப்பாள், பை விஷயத்திலும் அவளைத்தான் நம்புவார்கள். அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'முறிவு முகம் சேதமடைந்திருப்பதால் காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை. மேற்கொண்டு சோதிக்க வழியில்லை. அளவுக்கு மீறிய முறுக்குவிசை காரணமாக இருக்கலாம் என்பதை மறுக்க இயலாது.' கம்பெனிக்கு அந்தக் கடைசி வரி ஒன்றே போதுமாக இருந்தது. ஃபிட்டரை நீக்கிவிட்டார்கள்.

மாதிரியைக் கெடுத்ததாக அவளுக்கு மெமோ கொடுத்தோம். ஒரு மாதத்தில் விலகிவிட்டாள். கடைசி நாள் என் அறைக்கு வந்து, உட்காராமல் பேசினாள்.

"அது உங்க கைதான்னு தெரியும் சார். இழுத்து அறுத்த பீஸைச் சேத்துச் சேத்துப் பழகின கை. அத நான் மன்னிச்சிருவேன், யாருக்கும் வரும். வெட்ட விடாமப் பண்ணீங்க பாருங்க, அது கை செஞ்ச தப்பில்ல."

பதிலுக்கு நான் "கதவைச் சாத்திட்டுப் போம்மா" என்றேன். இந்த வயதில் எனக்குப் பெயர்கள் மறந்துபோகின்றன. அந்த மூன்று வார்த்தை மறக்கவில்லை.

பாதுகாத்து வைக்க வேண்டிய காலம் முடிந்த மாதிரிகளைக் கழித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் போல்ட்டின் எண் வந்தபோது இரண்டு பைகளையும் என் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதற்கென்று அப்போது தெரியாது. பீரோவில் வைத்தேன். சிலிக்கா மணிகள் ஈரம் குடித்து நிறம் மாறினால் ஒவ்வொரு மழைக்காலமும் மாற்றினேன். யாருக்கும் காட்டாத பொருளைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றினேன். விதிப்படி செய்வதில் நான் கெட்டிக்காரன்.

போன மாதம் அவளுக்குப் போன் செய்தேன். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறாள். நான் யாரென்று சொன்னேன்.

"மன்னிப்புக் கேக்கலாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அத வாங்கி நான் எங்க வைக்க? போல்ட் என்னாச்சு?"

"எங்கிட்ட இருக்கு."

"அப்ப அதக் கொண்டாங்க. நீங்களும் வாங்க. உங்க கண்ணால பாக்கணும்லா."

போனேன். உட்காரச் சொல்லவில்லை. பையை வாங்கியவள், தன் கையெழுத்தில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வெட்ட அனுமதி வாங்கிட்டீங்களா சார்? வாடிக்கையாளர் பொருளாச்சே."

மற்றப் பையையும் எடுத்து அவள் மேஜையில் வைத்தேன்.

சூடேறாமல் தண்ணீர் விட்டு மெதுவாக அறுக்கும் ரம்பத்தில் ஒரு துண்டை நெடுக்காக வெட்டினாள். பாதியைப் பிசினில் பதித்து இறுக விட்டாள். பிறகு எமரித் தாளில் தேய்க்க வேண்டும். சொரசொரப்பானதில் தொடங்கி நைஸானது வரை, ஒவ்வொரு தாளிலும் திசையை மாற்றி. "நான் செய்றேன்" என்று கேட்டு வாங்கினேன். இரண்டாவது தாளில் கோடு கோணிக்கொண்டு போனது.

பிடுங்கிக்கொண்டாள். "கை நடுங்குது. அன்னைக்கு நடுங்கலியே."

வெல்வெட் துணியில் வைரப் பசை தடவிக் கண்ணாடிபோல மெருகேற்றினாள். நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சில நொடி நனைத்து, கழுவி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவள் முதலில் பார்க்கவில்லை. "பாருங்க" என்று நகர்ந்து நின்றாள்.

முறிந்த இடத்திலிருந்து மூன்றாவது மரை. அதன் அடியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய ஒரு விரிசல், துகள்களின் ஓரத்தோடு ஓரமாக வளைந்து வளைந்து, கிளைவிட்டு உள்ளே போயிருந்தது. நான் கெடுத்த முகத்துக்கும் அதற்கும் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் தூரம். ஏழு வருஷமாக என் பீரோவில் இருந்திருக்கிறது.

"தெரியுதா?"

"தெரியறது."

"கோட்டப் பாத்து வாயால சொல்லுங்க சார்."

"ஹைட்ரஜன். முறுக்கினதால இல்ல."

அவள் படம் எடுத்தாள். அடிப்பட்டையில் மாதிரி எண்ணை அடித்தாள். பையைப் பார்க்காமல், நினைவிலிருந்தே அடித்தாள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் விலாசம். "அந்த ஆளு ஷாப்பூர் நகர்ல மோட்டார் ரிப்பேர் பாக்காரு. வருஷத்துக்கு ஒரு தரம் எனக்குப் போன் போட்டு, ஏதாச்சும் தெரிஞ்சிச்சாம்மான்னு கேப்பாரு. அடுத்த தரம் நான் சொல்லப் போறதில்ல. நீங்க போயிச் சொல்லுங்க." கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு."

நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, படத்தோடு எடுத்துக்கொண்டு மறுநாள் காலை போனேன். கடை என்று சொல்ல முடியாது. தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னேன். தெரிந்தது. எதிரே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டான். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் திருப்பி, விரிசலைக் காட்டினேன்.

"ரெண்டு நாள் கைக்கு நின்னுச்சுன்னு அன்னைக்கே கேட்டேன்ல சார்?"

"கேட்ட."

"பதில் தெரியுமா அன்னைக்கு?"

"தெரியும்."

தலையாட்டினான். "தெரிஞ்சிருந்து வெளில போன்னு சொன்னீங்க."

"ஆமா."

"இத வச்சு வேலை திரும்பக் கிடைக்குமா?"

"கம்பெனி கை மாறிடுத்து. கிடைக்காது."

"அப்ப காகிதம் எனக்கு நக்கோ." தாளையும் படத்தையும் என் மடியில் போட்டான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "என் கை தப்பில்லன்னு எனக்கே தெரியும் சார், நீங்க வந்து சொல்லத் தேவையில்ல. என் மச்சான் ஏழு வருசமா எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல. அவன்கிட்ட சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். நாலு முறை அடித்தபின் எடுத்தார்கள்.

"கோன்? யாரு?"

ஃபிட்டர் என்னைப் பார்த்துத் தாடையை அசைத்தான்.

"அந்த போல்ட்டைச் சோதிச்சு அறிக்கை எழுதினவன் பேசறேன்" என்றேன். "உங்க மாமா முறுக்கினதுல தப்பு இல்ல. போல்ட்டுலதான் கோளாறு. அது எனக்கு அப்பவே..."

"யோவ், யாருய்யா நீ? அந்த ஆளு காசு குடுத்துப் பேசச் சொன்னானா?"

லைனைத் துண்டித்துவிட்டான்.

ஃபிட்டர் மறுபடி போட்டான். இந்த முறை முதல் மணியிலேயே துண்டித்தார்கள். மூன்றாவது முறையும் போட்டான். மோட்டாரின் மேல்மூடியைக் காலால் ஒதுக்கிவிட்டு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றான். நான் எழுந்திருக்கவில்லை; எழுந்துவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ. "எடுக்கறவரைக்கும் போடுவேன். எடுத்ததும், போல்ட்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. நீங்க பண்ணதுலேர்ந்து ஆரம்பிங்க."

தரையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.